வேதாசலமும் மறைமலையும்



பத்தாம் ஆண்டு நிறைவெய்தும் இவ்விலக்கிய வட்டம் இவ்வாண்டுச் சொற்பொழிவுக்குத் தேர்ந்துள்ள பொருள் 'தன்னைத் தான் காணல்' என்பதாகும். ஊரும் உறவும் அலுவலகமும் ஒருவரைத் தத்தம் விருப்பப்படி வார்த்தெடுக்க முயலும்போது, அவ்வார்ப்புக்கு அடியில் அவருக்கே உரிய இயல்பு யாது என்று காண்பது எங்ஙனம் என்பதே வினா. இத்தகைய வினா எழுந்தவுடன் உபநிடதத்திற்கோ மேலைநாட்டு உளவியலுக்கோ ஓடுவது பேச்சாளர் வழக்கம். அவ்வளவு தொலைவு செல்ல வேண்டுவதில்லை. தாம்பரத்தில் மின்தொடர்வண்டி ஏறினால் மூன்றாவது நிறுத்தம் பல்லாவரம். விடையின் பெரும்பகுதி அங்கே இருக்கிறது.

பல்லாவரத்தில் இரண்டு கண்டுபிடிப்புகள் நிகழ்ந்துள்ளன. முதலாவது 1863ஆம் ஆண்டு மே 30ஆம் நாள் நிகழ்ந்தது. இந்திய நிலப்பொதியியல் துறையைச் சார்ந்த இராபர்ட்டு புரூசு ஃபூட்டு என்பார் அங்கிருந்த சரளைக் குழியொன்றில் பழைய கற்காலக் கருவியொன்றைக் கண்டெடுத்தார். இந்தியத் தொல்பழங்கால ஆய்வுக்கே அக்கல் தொடக்கமாயிற்று. இரண்டாவது 1916ஆம் ஆண்டில் நிகழ்ந்தது. சுவாமி வேதாசலம் என்று தமிழுலகம் அறிந்திருந்த நாற்பது வயதுப் புலவர் ஒருவர், தாம் மறைமலையடிகள் எனக் கண்டார்.

'தன்னைக் காணல்' என்றதும் பலர் மனத்தில் எழும் படம் ஃபூட்டு கண்ட கல்லைப் போன்றதே. மேலே சரளை, கீழே முழுமையாகச் செதுக்கப்பட்ட கோடரி, மண்ணைத் தட்டிவிட்டால் பொருள் கைக்கு வந்துவிடும். இன்று கடைகளில் குவிந்துகிடக்கும் தன்முன்னேற்ற நூல்கள் பலவும் இந்தப் படத்தையே விற்கின்றன. அடிகளின் வாழ்க்கையை உற்று நோக்கினால் இப்படம் பொருந்தாமை விளங்கும்.

முதலில் ஒரு திருத்தம். சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் அடிகள் பணியாற்றினார் என்பதை அறிந்தவர்கள், தாம்பரத்து மரநிழலில் அவர் நடந்து சென்றதாகவே கற்பனை செய்துகொள்கின்றனர். அக்கல்லூரி தாம்பரத்திற்கு வந்தது 1937ஆம் ஆண்டில்தான். அடிகள் கற்பித்த காலத்தில் அது உயர்நீதிமன்றத்தின் அருகே, நகரின் நடுவே இருந்தது. அவர் கல்லூரியை விட்டு நீங்கித் தெற்கே வந்து இருபத்தாறு ஆண்டுகள் கழித்தே கல்லூரி தெற்கு நோக்கி வந்தது. அப்போதும் அது பல்லாவரத்தில் நிற்காமல் அப்பால் சென்றுவிட்டது.

1876இல் நாகப்பட்டினத்தில் பிறந்த வேதாசலம் பள்ளிப் படிப்பை முடித்தவரல்லர். தந்தை சொக்கநாதபிள்ளை மறைந்தபின் ஒன்பதாம் வகுப்போடு பள்ளி நின்றது. புத்தக வணிகரும் புலவருமான நாராயணசாமிப் பிள்ளையிடம் தமிழ் கற்றார். சோமசுந்தர நாயகரிடம் சைவ சித்தாந்தம் கற்றார். தாமே முயன்று வடமொழியும் ஆங்கிலமும் கற்றார். மனோன்மணீயம் இயற்றிய பேராசிரியர் சுந்தரம்பிள்ளையின் துணையால் சிறிது காலம் திருவனந்தபுரத்தில் ஆசிரியராக இருந்தார். 1898இல் கிறித்தவக் கல்லூரித் தமிழாசிரியர் பணிக்கு வந்தபோது அவர் கையில் பட்டம் ஏதும் இல்லை.

அத்தேர்வு பற்றித் தமிழாசிரியர்களிடையே வழங்கிவரும் செய்தி ஒன்றுண்டு. நேர்காணல் செய்தவர் அக்கல்லூரித் தமிழ்ப் பேராசிரியரான வி. கோ. சூரியநாராயண சாத்திரியார். அவர் குற்றியலுகரத்திற்கு எடுத்துக்காட்டுக் கேட்டாராம். வேதாசலம், 'அஃது எனக்குத் தெரியாது' என்றாராம். உடனிருந்தோர் திகைக்க, சாத்திரியார் முகம் மலர்ந்து அவரைத் தேர்ந்தெடுத்தார் என்பர். 'அஃது' ஆய்தத் தொடர்; 'எனக்கு' வன்றொடர்; 'தெரியாது' உயிர்த்தொடர். மூன்று சொல்லும் குற்றியலுகரம். (இவ்விடையை இலக்கணத் தேர்வில் முயன்று பார்த்த மாணவர் உண்டு, அவர்களுக்கு மதிப்பெண் கிடைத்ததாகத் தெரியவில்லை.) செய்தி எத்துணை உண்மையாயினும் அதில் ஒரு குறிப்பு இருக்கிறது. அவைக்கு ஏற்ற முறையில் தம்மைக் காட்டிக்கொள்ளும் திறம் அவ்விளைஞருக்கு வாய்த்திருந்தது.

பொருந்தி வாழ்தல் இழிவன்று. திருவள்ளுவர் ஒழுக்கமுடைமை பேசுமிடத்து, உலகத்தோடு பொருந்தி நடக்கக் கல்லாதவரைப் பல நூல் கற்றும் அறிவில்லாதவர் என்றே கொள்கிறார். வேதாசலம் அவ்வறிவு நிரம்பியவர். அந்நாளில் கற்றோர் அவையில் எழுதும் தமிழும் பேசும் தமிழும் வடசொல் மிகுந்தவை. பேச்சு உபந்நியாசம், தலைவர் அக்கிராசனாதிபதி, கேட்போர் மகாஜனங்கள். வேதாசலமும் அவ்வழியே சென்றார். 1902இல் தாம் தொடங்கிய இதழுக்கு 'ஞானசாகரம்' என்று பெயரிட்டார். 1905இல் சைவ சித்தாந்த மகா சமாசம் தோன்றுவதற்கு முன்னின்றார். 1911இல் பல்லாவரத்தில் தாம் நிறுவிய அமைப்புக்கு 'சமரச சன்மார்க்க நிலையம்' எனப் பெயர் சூட்டினார். காளிதாசரின் சாகுந்தலத்தை வடமொழியிலிருந்து தமிழாக்கினார். இவற்றுள் எதையும் எவரும் அவர்மீது சுமத்தவில்லை. அழுத்தம் என்றால் பிறர் கழுத்தைப் பிடித்து அழுத்துவது என்று எண்ணுதல் கூடாது. ஒருவர் விரும்பி உடுத்தும் ஆடையாகவே அது பெரும்பாலும் வந்து சேர்கிறது. ஆதலால்தான் அதனை இனங்காணல் அரிதாகிறது.

கல்லூரியை விட்டு அவர் நீங்கிய வரலாறும் முழுமையான துறவு வரலாறு அன்று. பட்ட வகுப்பில் கட்டாயப் பாடம் என்னும் நிலையைத் தமிழ் இழந்த சூழலில், 1911இல் அப்பதின்மூன்றாண்டுப் பணி முடிந்தது. பல்கலைக்கழகத்தின் முடிவு ஒரு பக்கம் தள்ளியது; வள்ளலார் நெறியில் வாழவேண்டும் என்னும் உள்ளத்து வேட்கை மறுபக்கம் இழுத்தது. இரண்டும் கூடியே அவரைப் பல்லாவரத்தில் கொண்டுவந்து நிறுத்தின. அவ்வாண்டே காவி உடுத்தார். ஆயினும் மனைவி மக்களோடு ஒரே இல்லத்தில் வாழ்ந்தார். மடத்துத் துறவியர் வழக்கத்திற்கும் இல்லறத்தார் வழக்கத்திற்கும் பொருந்தாத வாழ்வு அது. ஊர் என்ன பேசியிருக்கும் என்பதைத் தெருவில் குடியிருப்போர் எளிதில் ஊகிக்கலாம்.

1916இல் நிகழ்ந்தது மிகச் சிறிய நிகழ்ச்சி. அடிகள் தம் மகள் நீலாம்பிகையோடு தோட்டத்தில் உலவியவாறு திருவருட்பாப் பாடல் ஒன்றைப் பாடினார். அதில் 'தேகம்' என்னும் சொல் வந்த இடத்தில், இங்கு 'யாக்கை' என்னும் தமிழ்ச்சொல் அமைந்திருப்பின் ஓசையின்பம் இன்னும் மிகுந்திருக்குமே என்றார். அப்படியாயின் இனித் தமிழ்ச்சொற்களாலேயே பேசுவோம், எழுதுவோம் என்று தந்தையும் மகளும் உறுதி பூண்டனர். மகளுக்கு அப்போது பதின்மூன்று வயதளவே இருக்கும். தனித்தமிழ் இயக்கம் எனப் பின்னர் பேர்பெற்ற பெருநிகழ்ச்சி ஒரு சொல்லிலிருந்தே தொடங்கிற்று. அதனைக் கேட்டு ஒப்பியவள் ஒரு சிறுமி என்பதை இயக்க வரலாறு எழுதுவோர் விரைந்து கடந்துவிடுகின்றனர். அது முறையன்று.

அடுத்து வந்தது பெயர் மாற்றம். அவர் தமக்குப் புதிய பெயர் ஒன்றைப் புனைந்துகொள்ளவில்லை. வேதம் மறையாயிற்று, அசலம் மலையாயிற்று, சுவாமி அடிகளாயிற்று. மகப்பேறு வேண்டித் திருக்கழுக்குன்றத்து இறைவனை வழிபட்ட பெற்றோர் அவ்விறைவன் பெயரையே மகனுக்கு இட்டனர் என்பது அவர் வரலாற்றில் சொல்லப்படும் செய்தி. அந்த மலை மறையவில்லை. பெற்றோர் நேர்ந்துகொண்ட நேர்ச்சையும் மாறவில்லை. இருந்த பொருளையே அவர் தம் வாயால் தம் மொழியில் மறுபடியும் சொன்னார். இதழ் 'அறிவுக்கடல்' ஆயிற்று; நிலையம் 'பொதுநிலைக் கழகம்' ஆயிற்று. எதையும் அவர் தூக்கி எறியவில்லை, எல்லாவற்றையும் பெயர்த்தெழுதினார். தன்னைக் காண விரும்பி, பிறந்த ஊரையும் பெற்றோர் நினைவையும் உதறிவிட வேண்டும் என்று எண்ணுகிறவர்கள் இதனைச் சற்று நின்று நோக்குதல் தகும்.

அவருக்கு முன்னரே இவ்வாறு பெயரைப் பெயர்த்தவர் ஒருவர் உண்டு. அவரைத் தேர்ந்தெடுத்த அதே சூரியநாராயண சாத்திரியார்தான் அவர். சூரியன் பரிதி, நாராயணன் மால், சாத்திரி கலைஞர், பரிதிமாற் கலைஞர் என்று தனிப்பாசுரத் தொகை என்னும் நூலில் தம்மைக் குறித்தார். தம் பெயரின் சிறப்பைக் கருதாது பாட்டின் தகுதியை மட்டும் கருதிப் புலவர் மதிப்பிட வேண்டும் என்பது அவர் நோக்கம் என்பர். அவருக்கு அப்பெயர் ஒரு நூலுக்கான திரை. 1903இல் முப்பத்து மூன்று வயதில் அவர் மறைந்தார். இறுதிவரை உலகியலில் சூரியநாராயண சாத்திரியாராகவே வாழ்ந்தார். அடிகளுக்கோ அப்பெயர் அன்றாட வாழ்வு. அஞ்சலிலும் நூலின் முகப்பிலும் அழைப்பிதழிலும் அதனை நிலைநாட்ட வேண்டியிருந்தது. சுவாமி வேதாசலம் என்ற பெயருக்குப் பதினைந்து இருபது ஆண்டுகள் உழைத்து ஈட்டிய புகழ் இருந்தது. அதனை நாற்பது வயதில் பணயம் வைத்தார். இளமையில் பெயர் மாற்றிக்கொள்வதற்கும் இதற்கும் வேறுபாடு மிகுதி.

இனி, பலரும் பேசாத பகுதி ஒன்று. 1916க்கு முன்னர் அவர் எழுதி வெளியிட்ட நூல்கள் என்ன ஆயின? முல்லைப்பாட்டு ஆராய்ச்சியுரை, பட்டினப்பாலை ஆராய்ச்சியுரை முதலிய நூல்கள் அவருக்குப் பெரும்பெயர் ஈட்டித் தந்தவை. அவற்றின் பின்னைப் பதிப்புகளில் அவர் வடசொற்களைக் களைந்து தமிழ்ச்சொற்களை இட்டு, வரி வரியாகத் திருத்தினார். தாம் எழுதிய தமிழைத் தாமே மாணவர் கட்டுரைபோல் கையில் எடுத்துத் திருத்துவது எவ்வளவு கசப்பான வேலை என்பதை எழுதுவோர் அறிவர். ஒரு முடிவை ஒரு மாலைப் பொழுதில் எடுத்துவிடலாம். அம்முடிவுக்கு ஏற்பத் தம் பழைய நூல்களைத் திருத்த ஆண்டுகள் ஆகும். ஃபூட்டின் கல்லுக்கும் அடிகளின் பெயருக்கும் உள்ள வேற்றுமை இதுவே. கல் குழியில் முழுமையாகக் கிடந்தது. மறைமலை என்பவர் வேதாசலத்தின் அடியில் எங்கும் முழுமையாகக் கிடக்கவில்லை. ஒவ்வொரு சொல்லாக, ஒவ்வொரு பதிப்பாக அவர் உருவானார்.

அவ்வாறு உருவானவரும் ஒருபடித்தானவர் அல்லர். அடிகள் 1898ஆம் ஆண்டு தொடங்கி நெடுங்காலம் நாட்குறிப்பு எழுதிவந்தார். அந்நாட்குறிப்பு ஆங்கிலத்தில் அமைந்தது. தனித்தமிழ் பிறந்த பின்னரும் நாள்தோறும் பிறர் காணாத ஏட்டில் அவர் கை ஆங்கிலமே எழுதிற்று. இதனைக் கண்டு எள்ளுவோர் உண்டு. மறைக்க முயல்வோரும் உண்டு. இரண்டும் வேண்டாதவை. அவர் பகைத்தது பிறமொழியை அன்று. தமிழுக்குள் கலந்து தமிழை விழுங்கும் கலப்பையே பகைத்தார். ஆங்கிலத்தை ஆங்கிலமாகவும் வடமொழியை வடமொழியாகவும் கற்றவர் அவர். ஆயினும், தனிமையில் ஒருவர் எழுதும் மொழியே அவருடைய மெய்யான மொழி என்று கொள்ளும் இன்றைய எளிய கோட்பாட்டுக்கு இந்நாட்குறிப்பு பெரிய இடையூறு. ஒருவரின் இயல்பு தனிமையில்தான் வெளிப்படும் என்பதற்கு உறுதி இல்லை. சிலருக்கு அது பலர் முன்னிலையில் தாம் கொடுத்த வாக்கில் வெளிப்படுகிறது.

மற்றொரு செய்தி இன்னும் கூர்மையானது. அடிகள் தம் பெயரோடு நிற்கவில்லை. மக்கள் பெயரையும் பெயர்த்தார். திருஞானசம்பந்தம் 'அறிவுத்தொடர்பு' ஆனார். மாணிக்கவாசகம் 'மணிமொழி' ஆனார். சுந்தரமூர்த்தி 'அழகுரு' ஆனார். திரிபுரசுந்தரி 'முந்நகரழகி' ஆனார். தந்தைக்கு விடுதலையாக வந்த பெயர், பிள்ளைகளுக்கு என்னவாக வந்திருக்கும்? தாம் தேர்ந்துகொண்ட வாழ்வு தம் வீட்டாருக்கு மற்றோர் அழுத்தமாக அமைவது, தம்மைக் கண்ட பெரியோர் வீடுகளில் எல்லாம் நிகழ்வதே. அடிகளின் பெருமை பேசும் விழாக்களில் இப்பெயர்ப் பட்டியலைப் படித்துக் கைதட்டி மகிழ்வது வழக்கமாகிவிட்டது. அறிவுத்தொடர்பு என்று பள்ளியில் அழைக்கப்படும் பிள்ளையின் முகத்தை எண்ணிப் பார்த்தவர் சிலரே.

மூத்த மகளின் நிலை வேறு. தோட்டத்தில் தந்தையோடு உறுதி பூண்டவர் அவரே ஆயினும், உலகம் அவரை நீலாம்பிகை என்றே அழைத்தது. நீலாம்பிகையம்மையார் என்றே நூல்களில் நின்றார். பெயரைப் பெயர்ப்பதினும் பெரிய பணி ஒன்றை அவர் மேற்கொண்டார். வழக்கில் கலந்துவிட்ட வடசொற்களுக்கு நேரான தமிழ்ச்சொற்களைத் தேடித் தொகுத்து வடசொல் தமிழ் அகரவரிசையை உருவாக்கினார். தந்தை தம் உரைநடையில் செய்துகாட்டியதை, பிறரும் செய்வதற்கு வேண்டிய கருவியாக ஆக்கியவர் அவர். 1938 நவம்பர் 13ஆம் நாள் சென்னையில் நடைபெற்ற தமிழ்நாட்டுப் பெண்கள் மாநாட்டுக்கு அவரே தலைமை தாங்கினார். ஈ. வெ. இராமசாமி அவர்களைப் 'பெரியார்' என்றே குறிக்கவேண்டும் எனத் தீர்மானம் இயற்றிய மாநாடு அது. சைவ நெறியில் ஊன்றி நின்ற அடிகளின் மகள், இறைமறுப்பாளர் ஒருவருக்கு அப்பெயர் வழங்கிய அவைக்குத் தலைவராக அமர்ந்திருந்தார். தந்தையிடமிருந்து அவர் பெற்றது தந்தையின் கருத்துகளை மட்டுமன்று. ஒருவரை எப்பெயரால் அழைப்பது என்பதில் தாமே முடிவெடுக்கும் துணிவையும் பெற்றார் எனலாம். தந்தைக்கு முன்னரே அவர் மறைந்தார்.

அடிகள் கண்டறிந்த 'தமிழர்' என்னும் உருவம் பெரும்பாலும் சைவ வேளாளர் உருவமாகவே அமைந்துவிட்டது என்னும் குறையையும் சொல்லாமல் விடுதல் கூடாது. அவருடைய வேளாளர் நாகரிகம் என்னும் நூலைப் படிப்போர்க்கு இது விளங்கும். ஒரு வார்ப்பிலிருந்து வெளிவந்தவர் மற்றொரு வார்ப்பைத் தம்மை அறியாமலே சுமந்துவந்தார். இதனால் அவர் முயற்சி பொய்யாகிவிடாது. அவர் தொடங்கிவைத்ததைப் பிறர் தொடர்ந்து திருத்தவேண்டியிருக்கிறது என்பதே இதன் பொருள்.

இப்பகுதியின் இன்றைய நிலைக்கு வருவோம். தாம்பரத்தைச் சூழ்ந்த கல்லூரி விடுதிகளில் மதுரை, நெல்லை, குமரி மாவட்டங்களிலிருந்து வரும் மாணவியர் பலர் தங்கியுள்ளனர். முதற் பருவம் முடிவதற்குள் 'அங்கிட்டு' போய்விடுகிறது; 'வந்தாக' போய்விடுகிறது; நகரத்துப் பேச்சு நாவில் ஏறிவிடுகிறது. வகுப்பில் ஒருத்தி ஊர்ச்சொல் ஒன்றைச் சொல்ல, மற்றவர் சிரிக்க, அவள் அச்சொல்லை அன்றே புதைத்துவிடுகிறாள். விடுமுறைக்குக் கிளாம்பாக்கத்தில் ஊர்ப் பேருந்து ஏறியவுடன் பழைய பேச்சு தானே திரும்புகிறது. இவற்றுள் எது மெய், எது பொய் என்று கேட்பதால் பயனில்லை. இரண்டும் அவள் பேச்சே. இரண்டில் ஒன்றைப் பேசும்போது அவள் தலை குனிகிறாளா என்பதே கேட்கத்தக்கது. அழைப்பு மையங்களில் இரவெல்லாம் வேற்றுநாட்டுப் பெயரில் பேசிவிட்டு விடியலில் குரோம்பேட்டைக்கும் சேலையூருக்கும் திரும்பிய இளைஞர் எத்தனையோ பேர். அவர்களும் பெயர் மாற்றிக்கொண்டவர்களே. ஆனால் அப்பெயரைத் தெரிந்தெடுத்தவர் கடல் கடந்த வாடிக்கையாளர். அதன் பொருள் அவர்களுக்கே தெரியாது. வேதாசலம் தம் பெயரின் பொருளை முதலில் அறிந்தார். பின்னரே அதனைப் பெயர்த்தார். பிள்ளைகளுக்கு எண்கணிதம் பார்த்துப் பொருளற்ற ஓசைகளைப் பெயராக இடும் பெற்றோர் நிறைந்த இப்புறநகரில், தம் பெயருக்குப் பொருள் யாது என்று ஒரு வகுப்பில் கேட்டால் அமைதியே விடையாக வரும். பெயரின் பொருளை வீட்டில் கேட்டுவருமாறு ஒரு நாள் வீட்டுவேலையாகத் தருவதற்குத் தமிழாசிரியர்க்கு எவர் ஒப்புதலும் வேண்டியதில்லை.

பெருவழிச் சாலையில் தெற்கே சென்றால் கூடுவாஞ்சேரிக்கு அப்பால் மறைமலைநகர் வருகிறது. தொடர்வண்டி நிலையப் பலகையில் அப்பெயர் நாள்தோறும் பல்லாயிரவர் கண்ணில் படுகிறது. மறைந்து நிற்கும் மலை ஒன்று அருகில் இருப்பதால் அப்பெயர் வந்தது என்று எண்ணுவோர் உளர். பல்லாவரத்தில் அடிகள் வாழ்ந்த இல்லம் அவர் நினைவகமாக நிற்கிறது. அவர் தொகுத்துப் பேணிய ஏறத்தாழ நாலாயிரம் நூல்கள், 1958இல் சென்னை இலிங்கிச் செட்டித் தெருவில் அவர் பெயரால் தோன்றிய நூல்நிலையத்திற்கு அடிப்படையாயின.

அதற்கடுத்த ஆண்டு, 1959இல், அவருடைய மகன் திருநாவுக்கரசு தந்தையின் வாழ்க்கை வரலாற்றை விரிவாக எழுதி வெளியிட்டார். தந்தை பெயரின் முதலெழுத்தைத் தன் பெயருக்கு முன் இட்டுக்கொள்வது தமிழர் வழக்கம். அவ்வழக்கப்படி, பெற்றோர் இட்ட பெயரைக் கருதியிருந்தால் அவர் 'வே.' என்று இட்டிருக்கலாம். நூலின் முகப்பில் அவர் இட்டது ஓரெழுத்தன்று, தந்தை தமக்கெனக் கண்ட பெயரின் முதற்சொல் முழுவதும்: மறை. திருநாவுக்கரசு.